அருவி இல்லாத ஊரில் என்ன பார்ப்பது?

மொரீஷியஸ், ரீயூனியன், இலங்கை என்று தீவுச் சுற்றுலா போய்வந்தவர்களின் படங்களை வரிசையாகப் பார்த்தால் மூன்று சமாச்சாரம் தவறாமல் இருக்கும். வளைந்து ஏறுகிற ஒரு சாலை, ஒரு அருவி, கடைசியில் கடல். அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊரைப் பார்த்தால் மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போகும். திண்டிவனம் என்றால் சென்னையிலிருந்து தெற்கே போகிற பஸ் டீ குடிக்க நிற்கும் இடம். விழுப்புரம் என்றால் ரயில் ஜங்ஷன். "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று வெளியூர்க்காரர் கேட்டால் "செஞ்சிக் கோட்டை இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுவோம்.

அருவி இருக்கா என்று கேட்டால் பெரியவர்கள் கல்வராயன் மலையைச் சொல்வார்கள். வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவி, மேகம் அருவி எல்லாம் உண்மையிலேயே நல்ல அருவிகள். ஆனால் 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது மலையும் அருவியும் அதோடு போய்விட்டன. இப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் வரைபடத்தில் குறிக்கிற மாதிரி பேர்பெற்ற அருவி ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. கேள்விக்குப் பதில் தேடப் போனால், பஸ் ஜன்னலில் இத்தனை வருஷம் சும்மா ஓடிய நிலம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

ஒரு அருவிக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, தரை திடீரென்று இறங்க வேண்டும். இரண்டு, அந்த விளிம்புக்கு மேலே தண்ணீர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். முதலாவது நம் கண்ணுக்குப் படும், இரண்டாவதைக் கவனிக்க மாட்டோம்.

தீவுகளில் முதல் விஷயம் சுலபமாகக் கிடைக்கிறது. மொரீஷியஸ் கடலுக்கடியிலிருந்து எரிமலை கக்கிய குழம்பால் உண்டான தீவு. வயது சுமார் 80-90 லட்சம் வருஷம். பக்கத்து ரீயூனியன் அதைவிட இளசு, 20-30 லட்சம்தான். அங்கே ஒரு எரிமலை இன்னும் அவ்வப்போது குழம்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எரிமலைக் குழம்பு ஒரு தடவையில் வருவது இல்லை, அடுக்கு அடுக்காக வரும். ஒரு அடுக்கு கெட்டி, அடுத்தது பொறபொறப்பு. ஆறு மேலே ஓடும்போது பொறபொறப்பான அடுக்கை அரித்துவிடும், கெட்டியான அடுக்கு விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் அங்கிருந்து விழும். அவ்வளவுதான் அருவி. மழையும் அங்கே சும்மா இல்லை. 1966 ஜனவரியில் ரீயூனியன் மலையில் ஓர் இடத்தில் ஒரே நாளில் 1,825 மி.மீ. பெய்தது. 24 மணிநேர மழையில் இன்றுவரை உலக சாதனை அதுதான். நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

இலங்கையின் கதை வேறு. அது எரிமலைத் தீவு இல்லை, நம் பாறையோடு சேர்ந்த பழைய பாறை. ஆனால் நடுவில் நிலம் உயர்ந்து, பீடுருதலாகலை 2,524 மீட்டருக்கு நிற்கிறது. அந்த உயரம் கடலை நோக்கிப் படிப்படியாக இறங்குகிறது, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அருவிகள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற சாலையில் டெவன், சென்ட் கிளேயர் என்று ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. தீவிலேயே உயரமான பம்பரகந்த 263 மீட்டர். இதில் ஒரு வேடிக்கை: 2012-ல் மேல் கொத்மலை மின் திட்டம் வந்த பிறகு, சென்ட் கிளேயர் அருவிக்குப் பகலில் மட்டும் தண்ணீர் விடுகிற ஏற்பாடு. சுற்றுலாக்காரர் இல்லாத ராத்திரியில் அருவிக்கு ஓய்வு. "இயற்கை அழகு" என்று நாம் படம் எடுக்கிற சில இடங்களில் பின்னால் ஒரு மதகு இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவுகளின் அழகான சாலைகள் சுற்றுலாவுக்காகப் போட்டவை இல்லை. இலங்கை மலைச் சாலைகள் காப்பிக்கும் தேயிலைக்கும் போட்டவை. ரீயூனியனில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடியபோது, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். புதுச்சேரியைச் சுற்றி இருப்பது நம்ம பழைய தென்னார்க்காடு. அருவி இல்லாத ஊரிலிருந்து அருவித் தீவுக்குப் போனவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். செஞ்சிப் பக்கத்துப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி வருஷம். மொரீஷியஸ் ஒரு வயதுக் குழந்தை என்று வைத்தால் செஞ்சிப் பாறைக்கு 280 வயசுக்கு மேல். அருவி என்பது தன்னைத்தானே தின்றுகொண்டு பின்னால் நகர்கிற ஒரு விஷயம். விழுகிற தண்ணீர் அடிப்பாறையைக் குடையும், மேல்விளிம்பு உடைந்து விழும், அருவி கொஞ்சம் பின்னுக்குப் போகும். நயாகரா இப்படிச் சுமார் 12,000 வருஷத்தில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. ஆற்றுக்குப் போதுமான காலம் கொடுத்தால் எல்லாப் படியையும் சமன் செய்துவிடும். நம்ம பக்கம் ஆறுகளுக்குக் காலம் ஏராளமாகக் கிடைத்தது. எனவே தரை சமமாகிவிட்டது. தேயாமல் மிஞ்சியவைதான் வயலுக்கு நடுவில் தனித்தனியாக நிற்கிற இந்தக் கற்குன்றுகள்.

இங்கேதான் யாராவது மடக்குவார்கள். "செஞ்சி ராஜகிரி சுமார் 800 அடி. செங்குத்தா நிக்குது. அதுல ஏன் அருவி இல்ல?" நல்ல கேள்வி. படி இருக்கிறது, மேலே தண்ணீர் நிற்க இடம் இல்லை. ராஜகிரி உச்சி வெறும் பாறை, பரப்பும் கொஞ்சம். மழை பெய்தால் ஒரு மணிநேரத்தில் எல்லாம் வழிந்து கீழே போய்விடும். கல்வராயன் மலை அப்படி இல்லை. 2,000-3,000 அடி உயரத்தில் அகலமான மேட்டுநிலம், மேலே மண், காடு, வயல். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அருவியின் ரகசியம் விளிம்பில் இல்லை, விளிம்புக்குப் பின்னால் இருக்கிற காட்டில் இருக்கிறது. மேலே காட்டை வெட்டினால் கீழே அருவி மழை நாளில் மட்டும் ஓடுகிற செம்மண் வெள்ளமாக மாறுவது இதனால்தான்.

இப்போது காரையோ பைக்கையோ எடுங்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலை சுமார் 28 கிலோமீட்டர். முன்பு என்.எச். 66 என்று இருந்த புதுச்சேரி - கிருஷ்ணகிரி சாலையின் ஒரு துண்டு. முதலில் சாதாரணமாகத்தான் இருக்கும். செஞ்சி நெருங்க நெருங்க இருபுறமும் குன்றுகள் முளைக்கும். அவை மலை மாதிரி இருக்காது, யாரோ லாரியில் கொண்டுவந்து உருண்டைக் கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். கொட்டியது யார்?

யாரும் கொட்டவில்லை. அந்தக் கல் அங்கேயேதான் இருந்தது, மண்ணுக்கு அடியில். ஒரே பாறையாக இருந்ததில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுந்து, கனச்சதுரத் துண்டுகளாகப் பிரிந்தது. வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் இறங்கியது. அச்சுவெல்லக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் முதலில் எது கரையும்? முனைகள். ஏனென்றால் முனையை மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் தொடுகிறது, நடுப்பக்கத்தை ஒரு பக்கத்திலிருந்துதான். பாறைக்கும் அப்படித்தான். மண்ணுக்கடியில் இருக்கும்போதே முனைகள் மக்கி மண்ணாகி, நடுவில் உருண்டைகள் மிஞ்சின. பிறகு மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே தெரிந்தன. நீங்கள் பார்ப்பது குவித்து வைத்த கல் இல்லை, சுற்றியிருந்ததை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சிய கல்.

கோட்டைக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று குன்றையும் மதிலால் இணைத்தால் பாதி வேலையைப் பாறையே பார்த்துக்கொள்கிறது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை, ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகை போட்டது. எட்டு வருஷம் ஒரு கோட்டை தாங்க வேண்டுமானால் மதில் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். அதனால் செஞ்சியில் கல்யாண மஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சக்கரக்குளம், செட்டிகுளம், மேலே ஏறும்போது பாறை இடுக்குகளில் இருக்கிற சுனைகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு மணிநேரத்தில் வழிந்துபோகிற மழையை நிறுத்திவைக்க மனுஷன் செய்த வேலை அது. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. அதற்குப் பிறகு வருகிற கூட்டம் கொஞ்சம் கூடியிருந்தால் சந்தோஷம்தான். காலை எட்டு, எட்டரைக்கே ஏற ஆரம்பித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை தோசைக்கல்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் பாதி தூரத்தில் மண்டகப்பட்டு. ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். பார்க்கச் சின்னது. ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து இரண்டு தூண், பின்னால் மூன்று கருவறைக் குழி, இரண்டு பக்கமும் வாயிற்காவலர். சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னால் முதலாம் மகேந்திரவர்மன் செதுக்கவைத்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக அவரே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். "எதெல்லாம் போடவில்லை" என்று பட்டியல் போட்ட கட்டடக்காரர் அவராகத்தான் இருப்பார். மாமல்லபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், அந்தக் கலைக்கு அரிச்சுவடி மாதிரி இருக்கிற இந்த இடத்தில் பத்து நிமிஷம் நிற்கலாம். பக்கத்திலேயே தளவானூரில் அவருடைய இன்னொரு குடைவரையும் இருக்கிறது. நேரம் இருந்தால் செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கேதான். தமிழ்ச் சமணரின் மடம் இன்றைக்கும் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் இயங்குகிறது.

கெட்டிப் பாறை போதும். கிழக்கே போனால் நிலம் மாறும். மயிலம் தாண்டித் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியில் வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூடப் பக்கத்தில் இருக்கிற கல்மரப் பூங்காவுக்குப் போவதாகத் தெரியவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிவிட்டார். உள்ளே போனால் மரம் அறுத்துப் போட்ட மரக்கடை மாதிரி இருக்கும். பட்டை, கணு, வளையம் எல்லாம் தெரியும். தொட்டால் கல். ஊர்க்கதையில் இது அம்மன் வதம் செய்த வக்கிராசுரனின் எலும்பு. புவியியல்காரர் கணக்கில் சுமார் 2 கோடி வருஷத்து மரம்.

மரம் எப்படிக் கல்லாகும்? மரம் செத்தால் மக்கிப்போக வேண்டும். மக்குவதற்குக் காற்று வேண்டும். வெள்ளத்தில் அடித்துவந்த மரம் சட்டென்று மணலுக்கடியில் புதைந்துவிட்டால் காற்று கிடைக்காது. மணலுக்குள் ஊறுகிற தண்ணீரில் சிலிக்கா கரைந்திருக்கும். அது மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு அறையாக நிரப்பிப் படியும். மரம் மெல்லக் கரைந்து போக, அதன் வடிவத்தில் கல் நிற்கும். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே கிடக்கிற மரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை, எல்லாம் படுத்த நிலையில் இருக்கின்றன. அதாவது அவை அங்கே வளர்ந்த மரங்கள் இல்லை. எங்கேயோ மேட்டில் வளர்ந்து, வெள்ளத்தில் முட்டிமோதி வேரையும் கிளையையும் இழந்து, இங்கே வந்து ஒதுங்கியவை. இன்றைக்குப் பக்கத்தில் ஓடுகிற சங்கராபரணியைப் பார்த்தால், அடித்துக்கொண்டு போக ஒரு முருங்கைக் கிளைகூடக் கிடைக்காது. அந்தக் காலத்தில் இங்கே வந்த வெள்ளம் பெரிய வெள்ளம்.

அந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் இன்றைய சிவப்பு மணற்கல். அது தெற்கே, கிழக்கே ஆரோவில் வரைக்கும் போகிறது. மெத்தென்ற பாறை என்பதால் மழை அதை வெட்டி ஆழமான ஓடைகளாக ஆக்கிவிடுகிறது. நல்ல மழை நாளில் அந்த ஓடைகளின் தலைப்பில் இரண்டு ஆள் உயரத்துக்குச் செந்தண்ணீர் விழும். மாவட்டத்தின் அசல் அருவி என்று சொல்லணும்னா அதைத்தான் சொல்லணும். அரைமணி நேரம் இருக்கும், பிறகு இருக்காது.

ஆனால் நான் காட்ட நினைத்த அருவி வேறு. ஏரிக் கலங்கல். நம்ம பக்கத்தில் "கோடி" என்பார்கள்.

சமதரையில் மழையைப் பிடித்துவைக்க ஒரே வழி, லேசான சரிவின் குறுக்கே லாடம் போல மண்கரை போடுவது. மூன்று பக்கம் கரை, நாலாவது பக்கம் தண்ணீர் வருகிற மேட்டுப்பக்கம், திறந்தே இருக்கும். கரையில் பாசனத்துக்கு மதகு. ஒரு ஓரத்தில், கரையை விடத் தாழ்வாக, கல்லால் கட்டிய கலங்கல். ஏரி நிரம்பினால் தண்ணீர் கரைமேல் ஏறக் கூடாது, ஏறினால் மண்கரை உடைந்துவிடும். அதனால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக விழுந்து அடுத்த ஏரிக்குப் போகும். அங்கே நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாக ஏரிகள். நம் நிலத்தில் இயற்கை அழித்துவிட்ட படியை மனுஷன் திரும்பக் கட்டியிருக்கிறான். தாராளமாகப் போனால் ஆறேழு அடி உயரம். அந்தப் படியில்தான் தண்ணீர் விழுகிறது. "ஏரி கோடி போவுதாம்" என்ற செய்தி வந்தால் ஊரே கிளம்பும். பிள்ளைகள் குளிக்கும், கீழே வலை போட்டு மீன் பிடிப்பார்கள், சில ஊரில் பூஜை போட்டுப் பூவும் மஞ்சளும் விடுவார்கள்.

பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. மழைக்காலக் கடைசியில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்தால் ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் கூட நிற்கும். மேலூர்க்காரன் வயல் முழுகும், கீழூர்க்காரனுக்குத் தண்ணீர் வராது, ஏரிக்காரனுக்கு ஒரு போகம் கூடும். ஊருக்கு ஊர் நடந்த பழைய சண்டைகளில் பல இந்த ஒரு முழத்துக்காக நடந்தவை. மேலே சொன்ன இலங்கை அருவியின் மதகு மாதிரிதான், இந்த அழகுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு உண்டு.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சங்கராபரணியில் வீடூர் அணை. 32 அடி. நிரம்பித் திறந்துவிடுகிற நாளில் பார்க்கிங் கிடைக்காது. தென்பெண்ணையில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு ரொம்ப நாள் விழுப்புரத்துக்காரர்களின் குற்றாலமாக இருந்தது. 1950 வாக்கில் கட்டியது 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது.

கலங்கலை வெறும் வேடிக்கையாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு 2024 கடைசி சாட்சி. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. ஒரு வருஷத்து மழையில் பாதி. ரீயூனியன் சாதனையில் கால்வாசிக்கும் மேல். ஆனால் ரீயூனியனில் தண்ணீர் மலையிலிருந்து ஓடிக் கடலில் விழுந்துவிடும், நமக்குச் சமதரை. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பின, சில கரைகள் உடைந்தன. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலைமேல் ஆறு ஓடியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட ரயில்கள் நின்றன. கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகிற ஓடையில் வீட்டுமனை போட்டிருந்தால், ஓடை மறக்காது. அந்த மனைகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் அது ஓடை என்றே தெரியாமல் வாங்கியவர்கள் என்பதுதான் கொடுமை. ஏரி கோடி போகிற வழியைத் தெரிந்துவைத்திருப்பது ஒரு தலைமுறைக்கு முன்னால் சாதாரண ஊர் அறிவு.

இந்தத் தண்ணீர்ச் சங்கிலி கிழக்கே எங்கே முடிகிறது? கழுவேலியில். மரக்காணத்துக்குப் பக்கத்தில், எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலைத் தொடுகிற பெரிய உவர்நீர் ஏரி. இந்தப் பக்கத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரியது என்பார்கள். ஏரிகளிலிருந்து நல்ல தண்ணீர் ஒரு பக்கம், கடலிலிருந்து உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். இரண்டும் கலப்பதால் மீனும் இறாலும், அவற்றைத் தேடிப் பறவைகளும். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. கோடையில் போனால் வெடித்த சேற்றுத் தரை, "இதுக்கா வந்தோம்" என்று தோன்றும். மார்கழி, தையில் போனால் பூநாரையே இருக்கலாம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டுகிற சில கிலோமீட்டர்தான், என் கணக்கில், இந்த மாவட்டத்தின் மிக அழகான சாலை. ஒரு மலையும் இல்லை, ஒரு வளைவும் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட மாதிரி பாத்திகள், வெள்ளைக் குவியல்கள்.

இந்த வழியில் சுற்றுலா போவது நாம் கண்டுபிடித்தது இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை முழுக்க முழுக்க இந்த வட்டாரத்தின் வழிகாட்டி நூல். பரிசு வாங்கிவந்த பாணன், வறுமையில் இருக்கிற இன்னொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான். முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம். மரக்காணம்தான் அது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிறகு வேலூர், அது இன்றைய உப்புவேலூர் என்பது பொதுவான கருத்து. பிறகு ஆமூர். கடைசியில் அரசனின் கிடங்கில். அது இன்றைக்குத் திண்டிவனம் நகரத்தோடேயே சேர்ந்துவிட்ட கிடங்கல். எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும் இருக்கிறது: பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் சோற்றோடு நண்டு. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற வடமொழிப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள், ஆகவே புளிச்சோறு பொருத்தம்தான். அந்த வழியில் நிலம் நெய்தல், முல்லை, மருதம் என்று மாறுவதைப் பாணன் கவனிக்கச் சொல்கிறான். அருவியைப் பற்றிய கவலை அவனுக்கும் இல்லை.

அதே வழியில் இன்று போனால் பாணன் சொல்லாத ஒன்றும் கண்ணில் படும். கல் குவாரி. திருவக்கரைச் சுற்றுப்பக்கம் போகும்போது மரமெல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு நிற்கும். சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி வேண்டும், எம்-சாண்ட் வேண்டும், எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிற வீடும் ஜல்லியில்தான் நிற்கிறது. ஆனால் எந்தக் குன்றை வெட்டலாம் என்று முடிவு செய்யும்போது "அங்கே ஒண்ணும் இல்ல, வெறும் கல்லு" என்ற வார்த்தைதான் முதலில் வருகிறது. விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலையில் பாறை இடுக்கில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் பெருமுக்கல் குன்றின் மேல் சோழர் கல்வெட்டுள்ள கோயில், பக்கத்துக் குகையில் பழைய பாறைக் கீறல்கள். எல்லாமே ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் கல்தான். ஏரி மண்ணை வெட்டினால் ஐந்தாறு மழையில் கொஞ்சமாவது திரும்ப வண்டல் சேரும். 250 கோடி வருஷத்துக் குன்றுக்கு அந்த வசதி கிடையாது.

வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகளில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். படத்தில் ஏதோ தீவுக் குளம் மாதிரி அழகாக இருக்கும். இறங்காதீர்கள். ஏரிக்குச் சரிவான கரை உண்டு, குவாரிக்குச் சுவர்தான் உண்டு. ஒரு அடி தள்ளினால் அறுபது அடி ஆழம் இருக்கலாம், ஏறி வரப் பிடிமானம் இருக்காது. கலங்கலிலும் பாசி பிடித்த கல்மேல் நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள்.

போகிற காலம்: கழுவேலிக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, காலை ஆறரைக்குள். செஞ்சியும் மண்டகப்பட்டும் சேர்த்து ஒரு நாள், திருவக்கரையும் மரக்காணமும் சேர்த்து இன்னொரு நாள். உப்பளம் பார்க்க வெயில் ஏறிய பிறகு, ஏப்ரல் வாக்கில். கலங்கலுக்கு மட்டும் தேதி சொல்ல முடியாது. தீபாவளி கழிந்து இரண்டு நல்ல மழை விழுந்ததும், ஊரில் இருக்கிற சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: "ஏரி கோடி போவுதா?"